காளிகாட்டின் இரண்டு கூடங்கள்: அன்னை தெரசாவும் கடைசி நாட்களின் பராமரிப்பும்

அன்னை தெரசா என்றதும் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையும் சுருக்கம் விழுந்த அந்த முகமும் நம் கண் முன்னே வந்துவிடும். பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம், தபால்தலையில் பார்த்திருக்கிறோம். இந்த காலாண்டு மடலில் அவரைப் பற்றி எழுத ஒரு தனிக் காரணம் உண்டு. பள்ளிக்கரணையில் நம் குடியிருப்புகளில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். இனி குணப்படுத்தும் சிகிச்சை எதுவும் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது, யாரிடம் போவது என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

அந்த நேரத்துக்காக உள்ள இடம்தான் ஹாஸ்பிஸ். இந்த நாட்டில் சாகும் நிலையில் இருப்பவருக்கென்று ஒரு இல்லம் இருக்கலாம் என்ற எண்ணத்தைச் சாதாரண மக்கள் மனதில் பதியவைத்தவர் அன்னை தெரசா. அவருடைய இல்லத்தில் எது நன்றாக இருந்தது, எது குறைவாக இருந்தது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால், நம் வீட்டில் ஒருவருக்கு அப்படி ஓர் இடம் தேவைப்படும்போது எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெளிவாகும்.

ஸ்கோப்யேவிலிருந்து கல்கத்தாவுக்கு

1910 ஆகஸ்ட் 26 அன்று, அப்போது ஒட்டோமான் பேரரசில் இருந்த ஸ்கோப்யே நகரில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இன்று அந்த நகரம் வட மாசிடோனியாவின் தலைநகரம். பெற்றோர் வைத்த பெயர் ஆக்னஸ் கோஞ்சா போயாஜியு. அவருக்கு எட்டு வயதானபோது தந்தை திடீரென்று இறந்துவிட்டார். வசதியாக இருந்த குடும்பம் நொடித்தது. தாய் தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அந்த நிலையிலும் ஏழைகளைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துச் சோறு போட்டவர் அந்தத் தாய்.

1928இல், பதினெட்டு வயதில், ஆக்னஸ் வீட்டைவிட்டுக் கிளம்பி அயர்லாந்துக்குப் போய் லொரேட்டோ கன்னியர் சபையில் சேர்ந்தார். தாயை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1929 ஜனவரியில் இந்தியா வந்தார். டார்ஜிலிங்கில் பயிற்சி. 1931இல் முதல் வார்த்தைப்பாடு எடுத்தபோது தெரசா என்ற பெயரை ஏற்றார். கல்கத்தாவின் எண்டாலி பகுதியில் இருந்த செயின்ட் மேரிஸ் பள்ளியில் பூகோளம் கற்பித்தார். வங்காளியும் இந்தியும் பேசக் கற்றார். 1944இல் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை ஆனார். மாணவிகளுக்குப் பிடித்த டீச்சர், நல்ல நிர்வாகி. அப்படியே இருந்து ஓய்வு பெற்றிருந்தாலும் அது ஒரு நிறைவான வாழ்க்கைதான்.

ஆனால் பள்ளியின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மோத்திஜீல் என்ற குடிசைப் பகுதி இருந்தது. 1943இல் வங்காளப் பஞ்சம் வந்தது. கிராமங்களிலிருந்து சோறு தேடி நகரத்துக்கு வந்தவர்கள் நடைபாதையிலேயே செத்தார்கள். 1946 ஆகஸ்டில் பெரும் கலவரம் வெடித்தது. கடைகள் அடைக்கப்பட்டு, விடுதியில் இருந்த முந்நூறு பெண்பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லாமல் போனபோது, அவர்களுக்கு அரிசி தேடி அவர் தனியாகத் தெருவில் இறங்கினார். வழியெல்லாம் பிணங்களைப் பார்த்தார். அடுத்த மாதம், செப்டம்பர் 10 அன்று, டார்ஜிலிங்குக்குப் போகும் ரயிலில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மடத்தைவிட்டு வெளியேறி, பரம ஏழைகளின் நடுவே போய் வாழ்வது என்பது அந்த முடிவு. அதற்குத் திருச்சபையின் அனுமதி கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. 1948 ஆகஸ்டில், மலிவான வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, அவர் லொரேட்டோவைவிட்டு வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 37.

பாட்னாவில் கற்ற பாடம்

நல்ல மனசு மட்டும் இருந்தால் நோயாளியைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நேராகக் குடிசைப் பகுதிக்குப் போகாமல் முதலில் பாட்னாவுக்குப் போனார். அங்கே மருத்துவப் பணி செய்யும் கன்னியர்கள் நடத்திய ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் சில மாதம் இருந்து, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிரசவத்தில் உதவுவது, படுக்கையில் இருப்பவரைத் துடைத்து உடை மாற்றுவது போன்றவற்றைக் கற்றார்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஒரு யோசனை நம் வீடுகளுக்கும் பொருந்தும். தன் சபைக் கன்னியர் பரம ஏழைகள் சாப்பிடுவதைப்போல சோறும் உப்பும் மட்டுமே சாப்பிட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். பாட்னாவில் இருந்த மருத்துவக் கன்னியர் அதை மறுத்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாமல், தூங்காமல் இருப்பவர்கள் சீக்கிரமே தாங்களும் நோயாளியாகிவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னார்கள். அவர் ஏற்றுக்கொண்டார். அதன்பின் அவருடைய சபையில் எளிமையான, ஆனால் போதுமான சாப்பாடும் ஓய்வும் விதியாகவே ஆனது. படுக்கையில் இருக்கும் கணவரையோ மாமியாரையோ மாதக்கணக்கில் ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டு, இரவில் தூங்காமல், தன் பிரஷர் மாத்திரையைக்கூட மறந்துவிடும் பெண்கள் நம் தெருக்களிலும் உண்டு. அவர்கள் சாப்பிடுவதும் தூங்குவதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

1948 டிசம்பரில் கல்கத்தா திரும்பி, மோத்திஜீலில் மரத்தடியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். பழைய மாணவிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1950 அக்டோபர் 7 அன்று அன்பின் பணியாளர் சபை முறையாகத் தொடங்கியது. அப்போது இருந்தவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான்.

கதவைத் திறக்காத மருத்துவமனைகள்

நாடு பிரிந்த பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து கொண்டே இருந்தார்கள். மருத்துவமனைகளில் பிழைக்கக் கூடியவர்களுக்கே இடம் இல்லை. சாகப் போகிறவரைச் சேர்த்துக்கொள்ள எவரும் தயாராக இல்லை. நடைபாதையில் எலியும் எறும்பும் அரித்த நிலையில் கிடந்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய், சேர்த்துக்கொள்ளும்வரை நகரமாட்டேன் என்று மருத்துவமனை வாசலிலேயே அவர் நின்ற செய்தியை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் நகராட்சி அதிகாரிகளிடம் போய், இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டார்.

கிடைத்த இடம் காளிகாட் கோயிலை ஒட்டிய பழைய யாத்ரீகர் சத்திரம். இரண்டு பெரிய கூடங்கள். ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. 1952 ஆகஸ்ட் 22 அன்று நிர்மல் ஹிருதய் என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. தூய இதயம் என்பது அதன் பொருள்.

எதிர்ப்பும் உடனே வந்தது. கோயில் பக்கத்திலேயே ஒரு கிறிஸ்தவக் கன்னியர் இல்லமா, மதம் மாற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கோபம். கல் எறிந்தவர்களும் உண்டு. கோயில் பூசாரிகளில் ஒருவர் தீராத நோயில் விழுந்தபோது அவரை இந்த இல்லம்தான் ஏற்றுக் கடைசிவரை பார்த்துக்கொண்டது என்றும், அதன்பின் எதிர்ப்பு மெல்ல அடங்கியது என்றும் அவருடைய வரலாற்றை எழுதிய பலர் குறிப்பிடுகிறார்கள். மதமாற்றக் குற்றச்சாட்டு முழுவதுமாக மறைந்துவிடவில்லை. அது இன்றும் விவாதத்தில் உள்ளது.

உள்ளே என்ன நடந்தது

ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்ததும் முதல் வேலை குளிப்பாட்டுவது. புண்களைக் கழுவி, முடி வெட்டி, நகம் வெட்டி, சுத்தமான துணி உடுத்தி, தாழ்வான கட்டிலில் படுக்க வைப்பார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் எண். பேச முடிந்தவரிடம் பெயரும் மதமும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். பிறகு கஞ்சியோ பாலோ, விழுங்கக் கூடிய அளவு ஊட்டுவார்கள். தானே சாப்பிட முடியாதவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொள்வார். சாகும் நேரத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி.

மதத்தைக் கேட்டு எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்துவுக்கு வாயில் கங்கை நீர், முஸ்லிமுக்குக் குர்ஆன் ஓதுதல், கிறிஸ்தவருக்குக் கடைசித் திருச்சடங்கு என்பது இல்லத்தின் நடைமுறை. இறந்த பிறகும் அவரவர் வழக்கப்படி எரிக்கவோ புதைக்கவோ ஒப்படைத்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் இறக்கவில்லை. பட்டினியாலும் சீழ் பிடித்த புண்ணாலும் விழுந்தவர்களில் பலர் நல்ல சாப்பாடும் சுத்தமும் கிடைத்ததும் எழுந்து நடந்தார்கள். முதியோரும் நோயாளியும் வரும் இடம் என்றால் அது ஒருவழிப் பாதை என்று நாம் நினைத்துவிடுகிறோம். காளிகாட்டிலேயே அது அப்படி இல்லை.

அதன்பின் வந்தவை வேகமாக வளர்ந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு சிசு பவன், தொழுநோயாளிகளுக்கு நடமாடும் மருத்துவ வண்டிகள், பிறகு சாந்தி நகர் என்ற தனிக் குடியிருப்பு. 1964இல் இந்தியா வந்த போப் ஆறாம் பால் தான் பயன்படுத்திய காரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போக, அதில் ஒருநாள்கூட ஏறாமல் பரிசுச்சீட்டுக் குலுக்கலில் வைத்து, வந்த பணத்தைச் சாந்தி நகருக்குச் செலவழித்தார். 1962இல் பத்மஸ்ரீ, 1979இல் அமைதிக்கான நோபல், 1980இல் பாரத ரத்னா. நோபல் விழாவில் விருந்து வேண்டாம், அந்தச் செலவை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். 1985இல், எய்ட்ஸ் நோயாளியைத் தொடவே ஆட்கள் அஞ்சிய காலத்தில், நியூயார்க் நகரில் அவர்களுக்காக ஓர் இல்லம் திறந்தார்.

வலியைப் பற்றிய கேள்வி

இதுவரை சொன்னது எல்லாம் பலருக்கும் தெரிந்த பக்கம். தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு.

1994இல், லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் காளிகாட் இல்லத்தைப் பார்த்துவிட்டுத் தன் இதழில் எழுதினார். சுத்தம், புண்களைக் கவனிக்கும் விதம், அன்பு ஆகியவற்றைப் பாராட்டினார். ஆனால் டாக்டர் வருவது எப்போதாவதுதான், நோய் என்னவென்று முறையாகக் கண்டறிவது குறைவு, கடுமையான வலிக்கு வலுவான மருந்து இல்லை என்று குறை சொன்னார். குணமாகக் கூடியவரையும் கூடாதவரையும் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லை என்பதும் அவர் கவலை. ஹாஸ்பிஸ் என்று மருத்துவ உலகம் சொல்வது இது அல்ல என்பது அவர் முடிவு. துன்பத்தைத் தாங்குவதில் ஒரு ஆன்மிக மதிப்பு இருக்கிறது என்று அன்னை தெரசா நம்பியதால்தான் வலி மருந்தில் அக்கறை குறைந்தது என்று வேறு விமர்சகர்கள் கடுமையாகவே எழுதினார்கள்.

அதே இதழுக்குப் பதில் எழுதிய வலி சிகிச்சை நிபுணர்கள், முழுப் பழியையும் அந்த இல்லத்தின் மேல் போடக் கூடாது என்றார்கள். அன்றைய இந்தியாவில் புற்றுநோயால் துடிப்பவருக்குக்கூட மார்ஃபின் கிடைப்பது அரிது. டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அதில் பயிற்சி இல்லை, மருந்து வகைகள் குறைவு, மாநிலச் சட்டங்கள் மிகக் கடுமை என்று அவர்கள் மூன்று காரணம் காட்டினார்கள். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கிவைக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. பல மருத்துவமனைகள் வாங்குவதையே விட்டுவிட்டன. மருத்துவத்துக்காக அபின் செடியைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாடு நம் நாடு. நம் நோயாளிக்குத்தான் அது எட்டாமல் இருந்தது.

இங்கே லண்டனில் நடந்த ஒரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்னை தெரசா மடத்தைவிட்டு வெளியே வந்த அதே 1948ஆம் ஆண்டில், லண்டன் மருத்துவமனை ஒன்றில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த ஒரு போலந்து அகதியின் பக்கத்தில் சிசிலி சாண்டர்ஸ் என்ற சமூகப் பணியாளர் உட்கார்ந்திருந்தார். நர்ஸாகவும் பயிற்சி பெற்றவர். இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் அங்கேதான் வந்தது. ஆனால் அவர் எடுத்த வழி வேறு. முப்பது வயதைத் தாண்டிய பிறகு டாக்டருக்குப் படித்தார். வலி வந்து நோயாளி அலறிய பிறகு ஊசி போடுவதைவிட, வலி திரும்புவதற்கு முன்பே கடிகாரம் பார்த்து மருந்து கொடுத்தால் குறைந்த அளவே போதும், நோயாளி தெளிவாகவும் இருப்பார் என்று காட்டினார். 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம்தான் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு முன்மாதிரி.

காளிகாட்டிலிருந்து வந்தது, யாரையும் வாசலில் திருப்பி அனுப்பக் கூடாது, யாரும் தனியாகச் சாகக் கூடாது என்பது. லண்டனிலிருந்து வந்தது, வலியோடு யாரும் சாக வேண்டியதில்லை என்பது. நல்ல ஹாஸ்பிஸ் என்றால் இரண்டும் இருக்க வேண்டும்.

இந்தியாவில் அந்த முறையில் முதலாவதாக மும்பை பாந்த்ராவில் 1986இல் சாந்தி அவேத்னா சதன் தொடங்கியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அமைப்பு, வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தருவதைக் கேரளம் முழுவதும் பரப்பியது. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்துக்கொள்வது எளிதானது. சென்னையில் மணலி அருகே மாத்தூரில் புற்றுநோயாளிகளுக்கான ஜீவோதயா ஹாஸ்பிஸ் உள்ளது.

அவருடைய கடைசி நாட்கள்

1983இல் ரோமில் அன்னை தெரசாவுக்கு முதல் மாரடைப்பு வந்தது. 1989இல் பேஸ்மேக்கர் வைத்தார்கள். 1996இல் பலமுறை கல்கத்தா மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். தன் இல்லங்களில் இல்லாத உயர்ந்த சிகிச்சையை அவர் மட்டும் பெற்றார் என்றும் அப்போது பேச்சு வந்தது. 1997 மார்ச்சில் பொறுப்பை சிஸ்டர் நிர்மலாவிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று இரவு, சபையின் தலைமை இல்லத்தில், தன் அறையில், தன்னோடு வாழ்ந்தவர்கள் சுற்றி இருக்க, 87 வயதில் இறந்தார். மகாத்மா காந்தியின் உடலைச் சுமந்த அதே பீரங்கி வண்டியில் அவர் உடலும் அரசு மரியாதையுடன் கொண்டுசெல்லப்பட்டது. 2016இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இன்று ஒரு ஹாஸ்பிஸில் சேர்ந்தால்

இன்று நம் குடும்பத்தில் ஒருவரைச் சேர்க்க நேர்ந்தால் பொதுவாக நடப்பவை இவை. இடத்துக்கு இடம் சிறு வேறுபாடுகள் இருக்கும்.

சேரும் நாள்: இதுவரை பார்த்த சிகிச்சையின் எல்லாக் காகிதங்களும், ஸ்கேன், மாத்திரை விவரம், ஆதார் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது வலி எங்கே, எவ்வளவு, தூக்கம் எப்படி, மலம் போகிறதா, மூச்சு வாங்குகிறதா என்பவைதான். நோயாளிக்கு நோயைப் பற்றி எவ்வளவு தெரியும் என்றும் கேட்பார்கள். குடும்பம் மறைத்து வைத்திருந்தால் அதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்பதில் அவர்கள் உதவுவார்கள்.

மருந்து: வலிக்கு மார்ஃபின் மாத்திரையோ திரவ மருந்தோ, பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கொடுப்பார்கள். முதல் சில நாள் அதிகத் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம். பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது என்பதால் அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். டாக்டர் மேற்பார்வையில் வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபின், நோயாளியை அடிமையாக்கும் என்றோ உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்றோ பயப்படத் தேவையில்லை.

அன்றாடம்: படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, புண்ணின் வாடையைக் குறைப்பது எல்லாம் நர்ஸ்களின் அன்றாட வேலை. வென்டிலேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு போன்றவை இருக்காது. தினமும் ரத்தப் பரிசோதனை என்பதும் இருக்காது. பார்வையாளர் நேரம் சாதாரண மருத்துவமனையைவிடத் தாராளமாக இருக்கும். பேரப்பிள்ளைகள் வரலாமா, வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா, வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்கலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சாமி படம், ஜபமாலை, தஸ்பீஹ் எதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அது அந்தப் பழைய சத்திரக் கூடங்களிலிருந்தே வரும் வழக்கம்.

வீடு திரும்புதல்: சேர்ந்தவர் எல்லோரும் அங்கேயே இறப்பதில்லை. வலியும் வாந்தியும் கட்டுக்குள் வந்ததும் வீட்டுக்கு அனுப்பி, பிறகு தேவைப்பட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. பார்த்துக்கொள்பவர் களைத்துப் போனால் சில நாள் ஓய்வு கொடுப்பதற்காக மட்டும் நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

கடைசி நாட்கள்: சாப்பாடு குறைந்துகொண்டே வந்து நின்றுபோகும். பட்டினி போட்டுவிட்டோமே என்று குடும்பம் தவிக்கும். உடம்புக்கு அந்த நேரத்தில் சோறு தேவைப்படுவதில்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். உதட்டை நனைத்துக்கொண்டிருந்தால் போதும். தூக்கம் அதிகமாகும். கை கால் குளிரும். மூச்சு சிறிது நின்று மறுபடி வரும், தொண்டையில் கரகரவென்ற சத்தம் கேட்கும். கேட்பவருக்கு அது கஷ்டமாக இருந்தாலும் நோயாளிக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. சுற்றி நடக்கும் பேச்சு அவர் காதில் விழலாம் என்று எண்ணி, மெதுவாகப் பேசிக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள்.

அதன்பின்: மரணச் சான்றுக்கான மருத்துவக் குறிப்பை அங்கேயே தருவார்கள். மாநகராட்சியில் 21 நாட்களுக்குள் பதிவாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இறந்தால் இந்தக் குறிப்புக்காக அலைய நேரும். அதனால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், ஒரு டாக்டர் தொடர்ந்து வந்து பார்க்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

ஹாஸ்பிஸைத் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் தேடுகின்றன. அதற்குள் பணமும் தெம்பும் தீர்ந்திருக்கும். குணப்படுத்தும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் தனியாகப் பேலியேட்டிவ் கேர் டாக்டரைப் பார்க்கலாம். ஒன்றைத் தொடங்க மற்றொன்றை நிறுத்த வேண்டியதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மார்ஃபின் வைத்திருக்கிறீர்களா, இரவில் வலி வந்தால் யார் பார்ப்பார்கள், டாக்டர் தினமும் வருவாரா, கட்டணம் எவ்வளவு, வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா என்ற ஐந்து கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டுக்கு வந்து பார்க்கும் பேலியேட்டிவ் சேவையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 எண்ணிலோ விசாரிக்கலாம்.

தனக்குக் கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று நினைப்பவர், நல்ல நினைவோடு இருக்கும்போதே அதை எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் இதை அனுமதித்து, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜடட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். ஒரு பிரதியைப் பிள்ளைகளிடமும் ஒன்றைக் குடும்ப டாக்டரிடமும் கொடுத்து வையுங்கள்.

நம் பிளாக்கில் யார் வீட்டிலாவது ஒருவர் படுக்கையில் இருக்கிறார் என்று தெரிந்தால், எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பதோடு நிற்காமல், இரண்டு மணி நேரம் நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பாட்னாவில் அந்த 38 வயது ஆசிரியை முதலில் கற்றுக்கொண்டதும் இதைத்தான். நோயாளியைப் பார்த்துக்கொள்பவரையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.